எலும்பில் பூட்டிய கால்: தேவகியின் நினைவாக

செய்தி வந்தபோது நான் ஒருவருடைய செயற்கைக் காலில் முழங்கால் மூட்டைத் திருகிக்கொண்டிருந்தேன். போனில் சுமதி. அழுகைச் சத்தம் எதுவும் இல்லை. "அண்ணா, அக்கா போய்டுச்சி" என்றார். போனை வைக்கவில்லை. நான் வேலை செய்யும் அதே மருத்துவமனையின் மேல்மாடியில், தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்றுதான் பேசுகிறார் என்று எனக்குத் தெரியும். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளி, "போங்க சார், நான் இருக்கேன்" என்றார். திருப்புளியைக் கையில் பிடித்தபடியே படியேறினேன்.

தங்கச் சுரங்க ஊர்களிலிருந்து மாரிக்குப்பம் ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் உங்களில் பலருக்குத் தேவகியைத் தெரியும். அவருடைய படத்தைப் போட்டு, "சாந்தமான ஆத்மா சாந்தியடையட்டும்" என்று உங்களில் ஒருவர் நம் ரயில் குழுவில் அனுப்பியிருந்தார். அதைப் படித்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். தேவகி சாந்தமானவர் இல்லை. அவர் அடிப்பவர். அதை மறைத்துவிட்டு அவருக்கு அஞ்சலி எழுத முடியாது.

நான் அவரை முதலில் பார்த்ததே ஓர் அடியின்போதுதான். நான் கோரமண்டல் நிலையத்தில் ஏறுவேன், அவர் ஊரிகம் நிலையத்தில் ஏறுவார். பெங்களூரில் ஒரு தையல் ஆலையில் சூப்பர்வைசர் வேலை. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, எந்தக் கம்பியையும் பிடிக்காமல், ஓடும் ரயிலில் நிற்பார். ஒரு நாள் பங்காருப்பேட்டையில் ஏறிய ஒருவன் கூட்டத்தைச் சாக்காக வைத்து ஒரு கல்லூரிப் பெண்ணின் மேல் சாய்ந்துகொண்டே வந்தான். அந்தப் பெண் நகர நகர அவனும் நகர்ந்தான். தேவகி கையிலிருந்த டிபன் கேரியரைச் சுழற்றி அவன் காதோரம் அடித்தார். மூடி கழன்று சாம்பாரும் சோறும் அவன் சட்டையில் வழிந்தன. "இன்னாடா பாக்கற? எறங்கு" என்றார். ரயில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த நிலையம் வரும்வரை அவன் கதவோரம் ரத்தக் காதைப் பொத்திக்கொண்டு நின்றான். தேவகி அன்று மதியம் பட்டினி.

அந்தக் காலத்தில் அவருக்கு இரண்டு கால்களும் இருந்தன.

அவருக்குத் தங்கை ஒருத்தி. அவர்தான் சுமதி. சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான ஸ்கெலட்டனில் லைன் வீடுகளில் அக்காவும் தங்கையும் பக்கத்துப் பக்கத்து வரிசையில் இருந்தார்கள். தேவகி கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சுமதியின் கணவன் முரளி, குடித்தாலும் அடிப்பான், குடிக்காவிட்டாலும் அடிப்பான். அவன் அடித்தால் சுமதி சத்தம் போடமாட்டார். வீட்டுக்குள் பாத்திரங்கள் உருளும் சத்தத்தை வைத்துத்தான் வெளியே தெரியும்.

அந்தச் சாயங்காலத்தைப் பற்றி தேவகி என்னிடம் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"நான் டூட்டி முடிச்சி வந்துக்கினு கீறேன். அவ வீட்ல சத்தம் கேட்டுச்சி. பைய கூட வெக்கல, நேரா உள்ள போனேன். அவ வாயெல்லாம் ரத்தம். அவன முடியப் புடிச்சி வெளிய தள்ளினேன். போய்ட்டான்னு நெனச்சேன். அவ மூஞ்சியத் தொடச்சிக்கினு உக்காந்துருந்தேன் தம்பி. பின்பக்கமா வந்தான். வெறகு ஒடைக்கிற கோடாலி. அவ கழுத்தப் பாத்துத்தான் எறக்கினான். நான் எட்டி ஒதச்சேன். கோடாலிக்கு எது கெடச்சிச்சோ அத வெட்டிச்சி."

முதல் வெட்டு முழங்காலுக்குக் கீழே. அவன் அதோடு நிறுத்தவில்லை. கோடாலியைப் பிடுங்கி எடுத்து அதே இடத்தில் மறுபடியும் இறக்கினான். சுமதி அவன் கையைக் கடித்துத் தொங்கினார் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சுமதிக்கு அது நினைவில்லை. பெங்களூருக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கால் கறுத்துவிட்டது. முதலில் முழங்காலுக்குக் கீழே வெட்டி எடுத்தார்கள், புண் அழுகி மேலேறியது, பிறகு முழங்காலுக்கு மேல் வைத்து எடுத்தார்கள். முரளி சிறைக்குப் போனான்.

சில மாதங்கள் கழித்து, நான் வேலை செய்யும் செயற்கைக் கால் பிரிவுக்கு அவரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். என்னைப் பார்த்ததும், "நீ கோரமண்டல்ல ஏறுற ஆளுதான?" என்றார். "இங்க இதுதான் உன் வேலயா?"

அவருக்கு நான் செய்துகொடுத்தது எல்லோருக்கும் செய்துகொடுக்கும் கால்தான். தொடையின் மிச்சத்தை ஒரு குழாய்க் கிண்ணத்துக்குள் நுழைத்து இறுக்கிக்கொள்ள வேண்டும். உடம்பின் எடை முழுவதையும் அந்தத் தோல் தாங்க வேண்டும். தேவகிக்கு மிச்சமிருந்த தொடை குட்டை; அதில் பாதிக்கு மேல் ஒட்டுத்தோல். ஊரிகத்திலிருந்து பெங்களூர் வரை நின்றுகொண்டு வந்தால், கழற்றும்போது கிண்ணத்தில் ரத்தம் தேங்கியிருக்கும். நானும் கிண்ணத்தை இழைத்தேன், மெத்தை வைத்தேன், புதிதாக வார்த்தேன். ஒரு நாள், "கொஞ்சம் பொறுத்துக்கோங்கக்கா, தோல் பழகிடும்" என்று சொன்னேன். அவர் காலைக் கழற்றினார். என் தலையைக் குறிவைத்து எறிந்தார். நான் குனிந்துகொண்டேன். பின்னாலிருந்த ஆளுயரக் கண்ணாடி நொறுங்கி விழுந்தது.

"இன்னாத்த பொறுக்கறது? உன் தொடையில கண்ணாடிய சுத்திக்கினு நட, அப்புறம் எங்கிட்ட வந்து சொல்லு" என்றார். பிறகு தன் கையால் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து, குனிந்து, சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மருத்துவமனையில் எலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் புது முறையைத் தொடங்கியிருந்தார். கிண்ணமே வேண்டாம். தொடை எலும்பின் நடுத்துளைக்குள் ஒரு டைட்டானியம் தண்டை இறக்குவார்கள். மாதக்கணக்கில் எலும்பு அதன்மேல் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். பிறகு தோலில் ஒரு துளையிட்டு, அந்தத் தண்டோடு ஒரு உலோக முனையை இணைத்து வெளியே கொண்டுவருவார்கள். செயற்கைக் காலை அந்த முனையில் பூட்டிக்கொள்ள வேண்டியதுதான். எடை தோலில் விழாது, எலும்புக்கே போகும். அபாயங்களையும் மருத்துவர் ஒளிக்கவில்லை. தோலில் அந்தத் துளை ஆறவே ஆறாது, அது வழியாகக் கிருமி எலும்புக்குள் போகலாம், கீழே விழுந்தால் தொடை எலும்பே முறியலாம் என்று எல்லாவற்றையும் சொன்னார்.

தேவகி கேட்டது ஒன்றுதான். "சுத்தியால அடிச்சி எறக்குவீங்களா?"

"ஆமாம்மா."

"அப்ப அடிங்க."

அறுவை அரங்குக்குள் நானும் நின்றேன். இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். எலும்பைக் குடையும்போது வந்த வாடையை நான் மறக்க மாட்டேன். பிறகு சுத்தியல். ஒவ்வோர் அடிக்கும் மேசையோடு அவர் உடம்பு தலைப்பக்கமாக நகர்ந்தது. அரைமயக்கத்தில் இருந்தவர் கண்ணைத் திறந்து, மயக்க மருத்துவரிடம் ஏதோ சொன்னார். என்னவென்று பின்னால் நான் கேட்டேன். "எங்க தாத்தா கிஃபோர்டு ஷாஃப்டு சுரங்கத்துல பாறைக்கு வெடி வெக்க ஓட்டை போட்டவரு. பாறைக்கு எப்படி இருந்திருக்கும்னு இப்பதான் தெரியுதுன்னு சொன்னேன்" என்றார்.

இரண்டாவது அறுவையும் முடிந்து, உலோக முனை வெளியே வந்த பிறகு, எடை பழக்குவது என் வேலை. எடை பார்க்கும் கருவியின் மேல் அந்த முனையை ஊன்றி, இன்று இவ்வளவு, இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று அழுத்த வேண்டும். அவர் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் என் முன்கையையும் பிடித்துக்கொள்வார். அவருடைய நகத் தடங்கள் என் கையில் வாரக்கணக்கில் இருந்தன. வாயில் துண்டைக் கடித்துக்கொண்டு, அது வழியாகவே முரளியைத் திட்டுவார். அந்தத் திட்டுகளை இங்கே எழுத முடியாது. பக்கத்தில் பயிற்சி செய்துகொண்டிருந்த ஒரு தாத்தா, "இந்தம்மா திட்டறப்ப எனக்கும் பலம் வருது" என்பார்.

அவர் புதுக் காலில் நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு விஷயம் நடந்தது. நான் புத்தகத்தில் படித்திருந்தேன், நேரில் பார்த்ததில்லை. ஊரிகம் நிலையத்தில் அன்று அவரோடு நின்றிருந்தேன். தண்டவாளத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வண்டி வருது" என்றார். "எப்படித் தெரியும்?" என்றேன். "எலும்புல அதிருது" என்றார். சற்று நேரம் கழித்துத்தான் எங்களுக்கு ரயிலின் சத்தம் கேட்டது. கிண்ணம் வைத்த காலில் தரை தெரியாது. இதில் ஜல்லியும் சிமெண்டும் வேறு வேறாகத் தெரியும் என்று சொல்லி, அவர் அந்த நடைமேடையின் கடைசி வரை போய் மண்ணை மிதித்துவிட்டு வந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று பார்த்தேன்.

முரளி தண்டனை முடிந்து வெளியே வந்தான். ஸ்கெலட்டன் பக்கம் வரமாட்டான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தான்.

சுமதி சமையலறையில் இருந்தார், தேவகி கதவருகே கட்டிலில். உள்ளே நுழைந்ததும் அவன் செய்த முதல் காரியம் தேவகியின் செயற்கைக் காலை எட்டி உதைத்தது. எழுந்து நின்றவர் அப்படியே பக்கவாட்டில் விழுந்தார். எலும்பு முறியாதது அதிர்ஷ்டம். அவன் சமையலறைக்குப் போனான். சுமதியைத் தரையில் தள்ளி, மார்பின் மேல் முழங்காலை ஊன்றி, கழுத்தை நெரித்தான். "உன்னாலதான்டி நான் உள்ள போனேன்" என்று கத்திக்கொண்டே நெரித்தான்.

ஒற்றைக் காலால் தரையில் ஊன்றி எழுவது நேரம் பிடிக்கும் வேலை. தேவகி எழ முயலவில்லை. தவழ்ந்து போனார். தொடையிலிருந்த பூட்டைத் திருகி, காலைக் கழற்றி, பாதத்தைக் கைப்பிடியாகப் பிடித்துக்கொண்டு, உலோக முழங்கால் இருக்கும் முனையை அவன்மேல் இறக்கினார். முதல் அடி தோளில். அவன் கையை விடவில்லை. இரண்டாவது அடியில் முழங்கை உடைந்து, கழுத்தை விட்டான். திரும்பிப் பார்த்தான். மூன்றாவது அடி முகத்தில் விழுந்தது. தாடை விலகி, பற்கள் கொட்டின. அக்கம்பக்கத்தார் ஓடிவந்தபோது சுமதி மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார், அவன் சுவரோரம் மடிந்து கிடந்தான், தேவகி மறுபடியும் காலை ஓங்கியிருந்தார். இரண்டு பேர் அவர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு முறை அவர் என்னிடம் சொன்னார்: "மொத ரெண்டு அடி அவளுக்காக. மூணாவது அடிக்குத் தேவையே இல்ல தம்பி. அவன் அதுக்குள்ள கைய எடுத்துட்டான். அது எனக்காக அடிச்சது. யாராச்சும் கேட்டா இப்டியே சொல்லு."

நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிட்டேன்.

முரளி மேல் வழக்கு பதிந்தார்கள். அவன் தரப்புப் புகாரை வைத்து தேவகி மேலும் பதிந்தார்கள். ஆயுதம் என்று காலைக் கைப்பற்றி, துணியில் சுற்றி, அரக்கு வைத்து, சீட்டுக் கட்டிவிட்டார்கள். தேவகிக்கு ஜாமீன் கிடைத்தது, காலுக்குக் கிடைக்கவில்லை. தொடையிலிருந்து நீண்ட வெறும் உலோக முனையில் துணியைச் சுற்றிக்கொண்டு, ஊன்றுகோலோடு ஆலைக்குப் போய்வந்தார்.

நான் காவல் நிலையத்துக்குப் போனேன். "சார், அது ஆயுதம் இல்ல, அவங்க கால்" என்றேன். எழுத்தர் நிமிர்ந்து பார்த்து, "காலாதிரெ கையல்லி யாக்கித்து?" என்று கேட்டார். காலென்றால் கையில் ஏன் இருந்தது? அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார். எலும்பின் மேல் எடை விழுந்துகொண்டே இருந்தால்தான் அது தண்டைப் பிடித்திருக்கும், விழாவிட்டால் தளர்ந்துபோகும், ஒவ்வொரு நாளும் நஷ்டம் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். கேட்டுவிட்டு, "கோர்ட்டில் சொல்லுங்கள்" என்றார்.

கோர்ட்டில் எங்கள் வக்கீல் என்னைச் சாட்சியாக நிறுத்தினார். எதிர்த்தரப்பு வக்கீல், "கழற்றி மாட்டக்கூடிய பொருள், அதை உடம்பின் உறுப்பு என்று எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். நான் எலும்பைப் பற்றிப் பேசத் தொடங்கினேன். பின்னாலிருந்து ஊன்றுகோல் சத்தம். தேவகி எழுந்து முன்னால் வந்துவிட்டார். யாரும் தடுப்பதற்குள் புடவையைத் தொடை வரை தூக்கினார். தோலைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த உலோகம், சுற்றிலும் சிவந்த சதை.

"அம்மா, இத கழட்ட முடியுதான்னு இவர வந்து பாக்கச் சொல்லுங்க" என்றார்.

நீதிபதி அம்மாள் ஒரு கணம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு திரும்பி, நேராகப் பார்த்தார். "மூடுங்கள், உட்காருங்கள்" என்று கன்னடத்தில் சொன்னார். படமெடுத்து வைத்துக்கொண்டு பொருளை உரியவரிடம் ஒப்படைக்கும்படி அன்றே உத்தரவானது.

என் அறையில்தான் அரக்கை உடைத்தோம். துணியில் ரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. முழங்கால் மூட்டின் இடுக்கில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. இடுக்கியால் எடுத்தேன். உடைந்த பல்லின் துண்டு. தேவகி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலிச்சிருக்கும், இல்ல?" என்றார். அந்தத் துண்டை ஒரு தாளில் வைத்தேன். "வலிக்கட்டும்" என்று அவரே சொன்னார். முதலில் கேட்ட குரல் வேறு, பிறகு சொன்ன குரல் வேறு. இரண்டுமே அவருடையவைதான்.

தற்காப்பு என்று அவர் மேலிருந்த வழக்கு முடிந்தது. முரளி மறுபடியும் உள்ளே போனான். அதற்குப் பிறகு தேவகி சில ஆண்டுகள் நன்றாக நடந்தார். நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். ரயிலில் இடம் கொடுத்தால் கோபித்துக்கொள்வார்.

அவரைக் கொன்றது கோடாலி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. துளையைச் சுற்றிச் சீழ் வருவதும், மருந்தில் அடங்குவதும் முன்பும் உண்டு. இந்த முறை அடங்கவில்லை. காய்ச்சலோடு வந்தவருக்குப் படம் எடுத்துப் பார்த்தால், கிருமி தண்டோடு ஏறி எலும்பையே அரித்திருந்தது. தண்டை எடுத்துவிட வேண்டும், தேவைப்பட்டால் இடுப்பு வரை எடுக்க வேண்டும் என்றார் மருத்துவர். தேவகி சலைன் கம்பத்தைப் பிடித்துத் தள்ளினார். பாட்டில் உடைந்தது, ஊசி பிடுங்கிக்கொண்டு படுக்கையெல்லாம் ரத்தம். "அடிச்சி ஏத்தினீங்க, இப்ப புடுங்கறீங்களா? உங்க ஊட்டு செவுரா இது?" என்று கத்தினார். மருத்துவர் திட்டு முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றார். அது அவருடைய பெருந்தன்மை. கத்தி ஓய்ந்ததும் தேவகி சுமதியைப் பார்த்தார். "சரி. எடுங்க. இவ தனியா இருக்கக் கூடாது" என்றார்.

ஆசையோடு பற்றிய எலும்பு தண்டை லேசில் விடவில்லை. அதையும் சுத்தியால் அடித்துத்தான் எடுத்தார்கள். அதற்குள் ரத்தம் முழுக்கக் கிருமி பரவிவிட்டது. அவர் கண் திறக்கவில்லை.

அடக்கத்தன்று ஸ்கெலட்டனில் நல்ல கூட்டம். அவருடைய ஆலைப் பெண்கள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார்கள். உடலை வீட்டு வாசலில் கிடத்தியிருந்தார்கள். அப்போது வரிசையின் மூலையில் முரளி வந்து நின்றான். போன வருடமே வெளியே வந்துவிட்டான் என்று பிறகு தெரிந்தது. தாடை ஒரு பக்கம் கோணியிருந்தது. கையில் மாலை. பறைச் சத்தம் நின்றுவிட்டது. ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். செத்த வீட்டுக்கு வந்தவனைத் தடுப்பதா என்று ஒரு பெரியவர் முணுமுணுத்தார். அவன் நடந்து வந்தான்.

உடலருகே உட்கார்ந்திருந்த சுமதி எழுந்து எதிரே போனார். அவன் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டார். அவன் முகம் இளகியது. மாலையைப் பக்கத்துச் சாக்கடையில் போட்டார். கையை முழுதாகப் பின்னுக்கு இழுத்து, அந்தக் கோணல் தாடையின் மேல் அறைந்தார். தெருக்கோடி வரை சத்தம் கேட்டது. அவன் கை மேலெழுந்தது. ஆலைப் பெண்கள் எல்லோரும் ஒன்றாக எழுந்து நின்றார்கள். அவன் கை கீழே இறங்கியது.

"போ" என்றார் சுமதி. "உங்க எதிர்ல நான் அழ மாட்டேன்" என்று பழக்கத்தில் மரியாதையாகத் தொடங்கிவிட்டு, நிறுத்தி, திருத்திச் சொன்னார்: "உன் எதிர்ல நான் அழ மாட்டேன். போடா."

அவன் மூலை திரும்பிய பிறகுதான் அழுதார். அன்றுதான் சுமதியின் அழுகைச் சத்தத்தை அந்த வரிசை முதல்முறையாகக் கேட்டது.

அவருடைய செயற்கைக் காலை என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அதன் மூட்டும் குழாயும் வேறு ஒருவருக்குப் பொருந்தும், போய்விடும். எனக்கென்று நான் வைத்துக்கொள்வது தேவகியின் கோபத்தை. என்னுடைய வேலையில் பொறுமையைப் பற்றிப் பேசுவது சுலபம், காலை இழந்தவர்களிடம் அதைத்தான் எல்லோரும் பேசுகிறோம். இப்போதெல்லாம் நான் பேசுவதில்லை. யாராவது கத்தத் தொடங்கினால் கதவைச் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்துகொள்கிறேன். அவர்கள் கத்தி முடிக்கட்டும்.